மாஸ்கோவில் பெட்டி கைக்கு வருமா, தானாகவே வோல்கோகிராடு போய்ச் சேருமா?

தஞ்சைத் தகப்பன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மருத்துவம் படிக்க வோல்கோகிராடு போகிறாள். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து துபாய் வழியாக மாஸ்கோ வரை ஒரு டிக்கெட். மாஸ்கோவிலிருந்து வோல்கோகிராடுக்கு வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட். இப்படிப் பிரித்து எடுத்ததில் ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம். மாலை 4 மணிக்கு மாஸ்கோவில் இறங்குகிறாள், அடுத்த விமானம் இரவு 9.20க்கு. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர், பெட்டி நேராக வோல்கோகிராடில் வந்துவிடும் என்கிறார். பக்கத்துத் தெருப் பையன், மாஸ்கோவில் எடுத்து மறுபடியும் போட வேண்டும் என்கிறான். யாரை நம்புவது? பெட்டிகள் இரண்டு. இப்போதைக்கு 28 கிலோ. அவள் அம்மா இன்னும் பொடி இடித்துக்கொண்டிருக்கிறாள், ஆகவே அந்த எடையும் உறுதியில்லை.

சிக்கனச் சின்னையா எழுதியது:

பயமுறுத்துவதற்கென்றே சிலர் இருப்பார்கள், அவர்களை விடுங்கள். 2018 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு நான் போயிருக்கிறேன். சென்னையில் கொடுத்த பெட்டியைக் கசானில்தான் மறுபடி பார்த்தேன். நடுவே மாஸ்கோவில் ஒரு காபி குடித்தேன், அவ்வளவுதான். ஒன்பதாயிரம் மிச்சம் பிடித்தது நல்ல காரியம்.

பெட்டிக்காரர் எழுதியது:

மீனம்பாக்கத்தில் பெட்டிகளோடு இருபத்தேழு ஆண்டு மாரடித்தவன் நான். சின்னையா ஐயா, ஒரே ஒரு கேள்வி. உங்கள் பயணத்துக்கு டிக்கெட் ஒன்றா, இரண்டா? ஒன்றாகத்தான் இருந்திருக்கும். கதையே அங்கேதான் மாறுகிறது.

தஞ்சை ஐயா, பெட்டிக்கு வழி தெரியாது. அதன் கழுத்தில் கட்டுகிற டேக்குக்குத்தான் தெரியும். டேக்கில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மூன்று எழுத்துதான் பெட்டி போய் நிற்கும் ஊர். உங்கள் மகளின் முதல் டிக்கெட் மாஸ்கோவோடு முடிகிறது. செக்-இன் கவுண்டரில் இருப்பவருக்குக் கணினியில் அதற்கு மேல் எதுவும் தெரியாது. துபாயில் அவள் பெட்டியைத் தொட வேண்டியதில்லை, அது தானாக மாறிவிடும். மாஸ்கோவில், இறங்கியவர்களின் பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டுக்கு வரும். அங்கே அவள் எடுக்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். வோல்கோகிராடு விமானத்துக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது.

முன்பெல்லாம் தனித்தனி டிக்கெட்டாக இருந்தாலும் இரண்டு நிறுவனங்களுக்குள் ஒப்பந்தம் இருந்தால் கெஞ்சிக் கேட்டுக் கடைசி ஊர் வரை டேக் போட்டுவிடலாம். 2022க்குப் பிறகு ரஷ்ய நிறுவனங்களோடு அந்த வழிகள் மிகவும் சுருங்கிவிட்டன. அந்த ஆண்டு ஏப்ரலில் ஏரோஃப்ளோட் ஸ்கைடீம் கூட்டணியிலும், எஸ்7 ஒன்வேர்ல்டு கூட்டணியிலும் தங்கள் இடத்தை நிறுத்திவைத்தன. 2018இன் அனுபவத்தை வைத்து இன்றைக்கு வழி சொல்லாதீர்கள்.

டேக்கில் பத்து இலக்க எண் ஒன்றும் இருக்கும். முதல் இலக்கத்தை விட்டுவிட்டு அடுத்த மூன்றைப் பாருங்கள். 176 என்றால் எமிரேட்ஸ், 555 என்றால் ஏரோஃப்ளோட். அந்த எண் உள்ள துண்டைப் போர்டிங் பாஸின் முதுகில் ஒட்டித் தருவார்கள். பிள்ளைகள் போர்டிங் பாஸை இருக்கைப் பையில் செருகிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பெட்டி வராதபோது கையில் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான். ஒட்டியவுடன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வோல்காக்கரை எழுதியது:

ஐயா, நான் வோல்கோகிராடில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு விவரம் வேண்டும். தங்கை மாஸ்கோவில் எந்த விமான நிலையத்தில் இறங்குகிறாள், எங்கிருந்து ஏறுகிறாள்? உள்நாட்டு டிக்கெட்டில் பெட்டிக்கு எத்தனை கிலோ போட்டிருக்கிறது?

தஞ்சைத் தகப்பன் எழுதியது:

இறங்குவது தமதேதவா என்று இருக்கிறது தம்பி. ஏறுவது ஷெரெமெத்யேவா. இரண்டும் மாஸ்கோதானே? பெட்டிக்கு என்று எதுவும் எழுதியில்லை. ஓர் இடத்தில் சுழியம் இருக்கிறது.

வோல்காக்கரை எழுதியது:

இரண்டும் மாஸ்கோதான் ஐயா. ஆனால் ஒன்று நகரத்துக்குத் தென்கிழக்கு மூலை, மற்றது வடமேற்கு மூலை. இடையே சாலை வழியே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். வெளிவட்டச் சாலையில் மாலை நெரிசலில் மாட்டினால் காரில் மூன்று மணி நேரமும் ஆகும். ரயிலில் போவதென்றால் தமதேதவாவிலிருந்து பவெலெட்ஸ்கி நிலையம், அங்கிருந்து மெட்ரோ வட்டப் பாதையில் பெலருஸ்கயா, பிறகு பெலருஸ்கி நிலையத்தில் மறுபடி விமான நிலைய ரயில். வழி எளிதுதான். முதல்முறை வரும் பெண் இரண்டு பெட்டியோடு மெட்ரோ படிக்கட்டுகளில் ஏறி இறங்குவதை நினைத்தால்தான் எனக்குப் பகீர் என்கிறது.

அதற்கு முன்பே நேரம் கரையும். 2024 டிசம்பர் 1 முதல் மாஸ்கோவின் நான்கு விமான நிலையங்களிலும் வெளிநாட்டவரிடம் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். மாணவர் கூட்டம் மொத்தமாக வந்திறங்கும் நாளில் வரிசை ஊர்ந்துதான் நகரும். நான் ஒரு முறை இரண்டு மணி நேரம் நின்றேன். பெட்டி பெல்ட்டில் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போய், யாரோ இறக்கி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். இதற்கு மேல் டிரோன் எச்சரிக்கை வந்தால் வான்வழியை மூடிவிடுவார்கள். வோல்கோகிராடிலும் இது அடிக்கடி நடக்கிறது. தனி டிக்கெட் என்பதால் முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் எந்தப் பொறுப்பும் கிடையாது. டிக்கெட் பணம் போனது போனதுதான்.

அந்தச் சுழியத்துக்கு வருகிறேன். 2017இல் இங்கே சட்டத்தை மாற்றிய பிறகு, திருப்பித் தர முடியாத மலிவு டிக்கெட்டுகளைப் பெட்டி இல்லாமலே விற்கிறார்கள். உங்களிடம் இருப்பது அதுதான். 28 கிலோவுக்கும் கவுண்டரில் காசு கேட்பார்கள். இந்திய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் இங்கே வேலை செய்யாது. கையில் ரூபிள் இல்லையென்றால் பெட்டி ஏறாது. முன்கூட்டியே இணையத்தில் பெட்டிக்குப் பணம் கட்டினால் பெரும்பாலும் குறைவு.

கசான்வாசி எழுதியது:

கசானில் படித்து அங்கேயே மேற்படிப்பும் செய்கிறேன். சின்னையா ஐயாவை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். ஒரே டிக்கெட்டில் தில்லி – மாஸ்கோ – கசான் வந்தபோது எனக்கு இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. ஒரு முறை டேக்கில் கசான் இருந்தது. பெட்டியும் கசானுக்கே வந்தது, ஆனால் உள்நாட்டு பெல்ட்டில் இல்லை. பன்னாட்டுப் பகுதிக்கு அழைத்துப்போய்ச் சுங்கம் தாண்டிய பிறகு கொடுத்தார்கள். நானோ உள்நாட்டு பெல்ட் முன்னால் நாற்பது நிமிடம் அழாத குறையாக நின்றிருந்தேன். இன்னொரு முறை மாஸ்கோவிலேயே எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடியும் கொடுக்கச் சொன்னார்கள்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் குழப்பம் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி எங்கேயாவது ஓர் இடத்தில் ரஷ்யச் சுங்கத்தைத் தாண்டியாக வேண்டும். கடைசி ஊரில் சுங்க வசதி இருந்து, நிறுவனமும் அதற்கு ஏற்பாடு வைத்திருந்தால் அங்கே தாண்டும். இல்லையென்றால் முதலில் இறங்கும் ஊரில். கடவுச்சீட்டுச் சோதனை மட்டும் எப்படியும் முதல் ஊரில்தான். ஆகவே செக்-இன் கவுண்டரில் “பெட்டி எங்கே போகும்?” என்று கேட்காதீர்கள், “கடைசி ஊருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். “சுங்கம் எந்த ஊரில்?” என்று கேளுங்கள். மாஸ்கோவில் இறங்கியதும் டிரான்ஸ்ஃபர் கவுண்டரில் டேக் துண்டை நீட்டி இன்னொரு முறை கேளுங்கள்.

மூன்றெழுத்து என்றதும் நினைவு வருகிறது. சமாராவுக்குப் போன தோழி ஒருத்தி, டேக்கில் கே.யூ.எஃப். என்று பார்த்ததும் பெட்டி குவைத்துக்குப் போகிறது என்று கவுண்டரில் சண்டையே போட்டுவிட்டாள். சமாராவுக்கு 1991 வரை குய்பிஷெவ் என்று பெயர். ஊர்ப் பெயர் மாறியது, குறியீடு மாறவில்லை. அதே மாதிரி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இன்னும் எல்.இ.டி., அதாவது லெனின்கிராடு. எகாதெரின்பர்க் எஸ்.வி.எக்ஸ்., அதாவது ஸ்வெர்தலோவ்ஸ்க். நிஷ்னி நோவ்கோரத் ஜி.ஓ.ஜே., அதாவது கோர்க்கி. சோவியத் யூனியன் போனாலும் பெட்டிகள் இன்னும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கின்றன. நல்லவேளை, வோல்கோகிராடு வி.ஓ.ஜி. என்று சாதுவாக இருக்கிறது.

சிக்கனச் சின்னையா எழுதியது:

சரி, என் டிக்கெட் ஒன்றுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு டிக்கெட் எடுப்பதே பாவம் என்கிற மாதிரிப் பேச வேண்டாம். நிதானமாக இடைவெளி விட்டு எடுத்தால் மிச்சம் மிச்சம்தானே?

பெட்டிக்காரர் எழுதியது:

ஒரு நாள் இடைவெளி, ஒரே விமான நிலையம், பெட்டிக்கு இடமுள்ள டிக்கெட். இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக எடுங்கள். அதற்குப் பிறகு மிச்சம் எவ்வளவு என்று எனக்கும் எழுதுங்கள்.

இன்னொன்று. தனி டிக்கெட் எடுப்பவர்கள் துபாய் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று டிக்கெட்டை முறித்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் பெட்டியை எடுக்க அந்த நாட்டுக்குள்ளேயே நுழைய வேண்டியிருக்கும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்குப் பொதுவாக அதற்கு முன்கூட்டியே விசா வேண்டும். விசா இல்லாமல் டிரான்சிட் பகுதியில் ஒருவரும் வெளியே பெல்ட்டில் அவர் பெட்டியும் நின்ற கதைகள் என்னிடம் நிறைய உண்டு.

தஞ்சைத் தகப்பன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டிக்கெட்டை மாற்ற முயல்கிறேன். பெட்டிக்குள் போகும் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள்: இட்லிப்பொடி, பருப்புப்பொடி, ஊறுகாய், கருவாடு, கொப்பரைத் தேங்காய், குருமாவுக்குக் கசகசா, அப்பளம், சளி இருமல் மருந்து, பவர் பேங்க்.

கசான்வாசி எழுதியது:

அம்மாவிடம் முதலில் கசகசாவை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ரஷ்யாவுக்காகச் சொல்லவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், போதைப் பொருள் கணக்கில் வரும். பெட்டி துபாயில் உங்கள் கைக்கு வராது என்பதற்காக அதை யாரும் ஊடுகதிரில் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கொப்பரை, எண்ணெய்ப்பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று விமானத்தில் விலக்கப்பட்ட பொருள். சென்னையிலேயே பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

கருவாடு வீட்டில் காயவைத்ததா? மீன், இறைச்சி, பால் சார்ந்த உணவு என்றால் தொழிற்சாலை உறையில் அடைத்தது, ஓர் ஆளுக்கு 5 கிலோ வரை என்பது இங்குள்ள விதி. செய்தித்தாளில் சுற்றிய நெத்திலி அதில் அடங்காது. பொடிகளுக்கு எனக்கு இதுவரை தொல்லை வந்ததில்லை. பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், வெள்ளை மாவாக எதையும் பெயரில்லாமல் அனுப்ப வேண்டாம்.

இருமல் மருந்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோடீன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ரஷ்யாவில் அது கட்டுப்படுத்தப்பட்ட போதைப் பொருள். மருத்துவர் சீட்டும், அதன் மொழிபெயர்ப்பும், சுங்கத்தில் பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் அறிவிப்பும் இல்லாமல் கொண்டுவந்தால் குற்றவழக்கு. நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால் 2019இல் நடந்ததைக் கேளுங்கள். நாமா இசாக்கர் என்ற இளம்பெண் தில்லியிலிருந்து மாஸ்கோ வழியாக டெல் அவீவுக்குப் போய்க்கொண்டிருந்தார். ரஷ்யாவுக்குள் நுழையும் எண்ணமே அவருக்கு இல்லை. செக்-இன் செய்த பெட்டியில் பத்து கிராமுக்கும் குறைவான கஞ்சா இருந்ததாக ஷெரெமெத்யேவாவில் பிடித்தார்கள். கடத்தல் வழக்கு, ஏழரை ஆண்டுத் தண்டனை. 2020 ஜனவரியில் அதிபரின் மன்னிப்பால்தான் வெளியே வந்தார். பெட்டி விமானம் மாறும் வழியில்தானே இருந்தது என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. ஊரார் யாராவது ‘இந்தப் பொட்டலத்தை மட்டும் என் மகனிடம் சேர்த்துவிடம்மா’ என்று கொண்டுவந்தால், அவர் கண் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். வருத்தப்பட்டால் வருத்தப்படட்டும்.

கூர்ஸ்க் ரயிலடி எழுதியது:

எங்கள் ஊர் விமான நிலையம் 2022 பிப்ரவரி 24 அன்று மூடியது. ஆகவே எங்களுக்கு இந்த டேக் விவகாரமே கிடையாது. பெட்டி மாஸ்கோவில் கைக்கு வரும், அதன் பிறகு ரயில். வோல்கோகிராடுக்கும் ரயில் உண்டு, ஏறத்தாழ ஒரு நாள் பயணம். ரயிலில் படுக்கை டிக்கெட்டுக்கு 36 கிலோ வரை காசில்லாமல் கொண்டுபோகலாம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 180 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கீழ்ப் படுக்கையாகப் பார்த்து எடுங்கள், அதைத் தூக்கினால் அடியில் பெட்டி வைக்கும் பள்ளம் இருக்கும். பெட்டியின் மேலேயே படுத்துத் தூங்கலாம். பன்னிரண்டு பேராக வந்தோம், ஒரு பெட்டியும் தொலையவில்லை. வெந்நீர் இலவசம். இட்லிப்பொடிக்கு அது உதவாது, அது வேறு விஷயம்.

தஞ்சைத் தகப்பன் எழுதியது:

பத்து நாள் எழுதவில்லை, மன்னியுங்கள். பழைய உள்நாட்டு டிக்கெட் பணம் போய்விட்டது. மறுநாள் காலை தமதேதவாவிலிருந்தே புறப்படும் விமானத்தில், 23 கிலோ பெட்டியோடு ஒரு டிக்கெட் எடுத்தேன். எடையையும் அதற்குள் சுருக்கினோம். சின்னையா அவர்களுக்கு: கணக்குப் பார்த்தால் மிச்சமில்லை, நாலாயிரம் நட்டம்.

மகள் மாஸ்கோவில் இறங்கினாள். கைரேகை வரிசை ஒன்றரை மணி நேரம். பெல்ட்டுக்குப் போனால் ஒரு பெட்டிதான் இருக்கிறது. உடைகள் இருந்த பெட்டி வந்துவிட்டது. சான்றிதழ் நகல்கள், கம்பளிச் சட்டை, ஊறுகாய் எல்லாம் இருந்த பெட்டி வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு எனக்குத் தொலைபேசியில் அழுகை. நான் இந்த இழையைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டிக்காரர் ஐயா எழுதியதை அவளுக்கு வாசித்தேன். டேக்கைப் படம் எடுத்து வைத்திருந்தாள். இப்போது என்ன செய்ய வேண்டும்? புகார்த்தாள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அவள் வோல்கோகிராடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பெட்டிக்காரர் எழுதியது:

தாள் கொடுத்துவிட்டார்களா? அப்படியென்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. அதைப் பி.ஐ.ஆர். என்போம். பெல்ட் இருக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டிய தாள் அது. அங்கே ‘ரோசிஸ்க் பகஜா’ என்று எழுதிய கவுண்டர், அதாவது பெட்டி தேடும் இடம். தாளில் ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணுமாக ஒரு குறிப்பு இருக்கும். அதை வைத்து நிறுவனத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

முதல் டிக்கெட் மாஸ்கோவோடு முடிந்ததால், கொண்டுவந்த நிறுவனத்தின் பொறுப்பும் அங்கேதான் நிற்கிறது. வோல்கோகிராடு முகவரிக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சுங்கத்துக்காகப் பட்டியல் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதட்டும். இந்தியா 2009இலும் ரஷ்யா 2017இலும் மான்ட்ரீல் உடன்படிக்கையில் சேர்ந்தன. அதன்படி 21 நாளில் வராவிட்டால் தொலைந்த பெட்டியாகவே வைத்துப் பணம் கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்., பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு அது. பெட்டி வந்து, உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார். தாமதத்தால் ஏற்பட்ட செலவென்றால் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். இதற்கிடையே வாங்கிய சோப்பு, சட்டை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக்கொள்ளட்டும்.

வோல்காக்கரை எழுதியது:

ஐயா, தங்கையை நேற்று விடுதியில் பார்த்தோம். கம்பளிச் சட்டை ஒன்று கொடுத்திருக்கிறோம். கவலைப்படாதீர்கள்.

தஞ்சைத் தகப்பன் எழுதியது:

பெட்டி வந்துவிட்டது, ஐந்தாம் நாள். துபாயிலேயே தங்கிவிட்டதாம். சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள், எதையும் எடுக்கவில்லை. ஊறுகாய்ப் பாட்டில் உடையவில்லை. கசகசா துபாய்க்குப் பயந்து தஞ்சாவூரிலேயே இருந்துவிட்டது, நேற்று அதை வைத்துக் குருமா சாப்பிட்டேன். பாதியை வாயில் வைக்க முடியவில்லை. அவள் இல்லாத வீட்டில் இதுதான் முதல் குருமா.

புதுக்கோட்டைப் பயணி எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் தம்பி விடுமுறைக்கு மாஸ்கோவிலிருந்து தில்லி வழியாகத் திருச்சி வருகிறான். ஒரே டிக்கெட்தான். திரும்பும்போது பெட்டி நேராக வந்துவிடும் அல்லவா?

பெட்டிக்காரர் எழுதியது:

பொதுவாக வராது. இந்தியாவுக்குள் நுழையும் முதல் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி கொடுக்க வேண்டும். தில்லிக்கு மூன்று மணி நேரமாவது விட்டிருக்கிறானா? டிக்கெட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.